ஞாயிறு விடியலில் வளர்ந்த கட்சி: மில்வாக்கி சோஷலிஸ்டுகள், 1886 முதல் 1960 வரை

தேர்தல் நெருங்கும் வாரங்களில், ஞாயிற்றுக்கிழமை பொழுது விடியும் முன்பே மில்வாக்கியின் வார்டு கிளைகளில் ஆள் சேர்ந்துவிடும். வாரம் முழுக்க வார்ப்பட்டறையிலும் பீர் ஆலையிலும் தோல் பதனிடும் தொழிற்சாலையிலும் உழைத்துவிட்டு, நன்றாகத் தூங்கக் கிடைக்கிற ஒரே காலைப்பொழுதில் எழுந்து வந்தவர்கள். அச்சகத்திலிருந்து வந்த பிரசுரங்கள் கட்டுக்கட்டாகக் காத்திருக்கும். எந்த வீட்டில் ஜெர்மன் பேசுகிறார்கள், எந்த வீட்டில் போலிஷ், எந்த வீட்டில் ஆங்கிலம் என்பதைத் தெருவாரியாக முன்பே குறித்து வைத்திருப்பார்கள். அந்தந்த வீட்டுக்கு அந்தந்த மொழித் தாள். ஆளுக்கொரு கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினால், ஊர் தேவாலயத்துக்குப் புறப்படும் நேரத்துக்குள் தாள் வாசலில் கிடக்கும்.

இவர்களைக் கட்சிக்குள் 'கட்டுப் படை' என்றே அழைத்தார்கள். ஒரு செய்தியை நகரின் எல்லா வீடுகளுக்கும் 48 மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்க இவர்களால் முடிந்தது. 1910 கணக்கெடுப்பின்படி மில்வாக்கியின் மக்கள்தொகை 3.74 லட்சம். வானொலி கிடையாது. பெரிய பத்திரிகைகள் எதிரணியில் நின்றன. கூலி வாங்காத தொண்டர்களை வைத்துக்கொண்டு ஒரு கட்சி இதைச் செய்தது.

அமெரிக்காவின் பெருநகரங்களில் சோஷலிஸ்டுகள் இவ்வளவு காலம் ஆண்ட ஊர் வேறில்லை. எமில் சைடல் 1910 முதல் 1912 வரை, டேனியல் ஹோன் 1916 முதல் 1940 வரை, ஃபிராங்க் ஸைட்லர் 1948 முதல் 1960 வரை: மூன்று மேயர்கள், மொத்தம் 38 ஆண்டுகள். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மேயர்களைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் கட்டிய பூங்கா, கழிவுநீர் நிலையம், கடனில்லாத கணக்குப் புத்தகம் என்று பட்டியல் நீளும். எனக்கோ அந்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டுதான் இதில் முதன்மையாகப் படுகிறது. அந்தக் கட்டைத் தூக்க ஆள் இருந்தவரை, தேர்தலில் தோற்றாலும் கட்சி மீண்டு வந்தது. தூக்க ஆள் குறைந்த பிறகு, மேயர் நாற்காலியில் தங்கள் ஆளே உட்கார்ந்திருந்தும் கட்சி கரைந்தது. இந்த ஆய்வு அதைப் பற்றியது.

ஏழு உயிர்களும் ஓர் அலையும்

மில்வாக்கி, விஸ்கான்சின் மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள தொழில் நகரம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே தெருவில் நடந்தால் ஆங்கிலத்துக்கு நிகராக ஜெர்மன் காதில் விழும். 1848 புரட்சி தோற்ற பிறகு ஜெர்மானிய நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள், அவர்கள் நடத்திய உடற்பயிற்சிக் கழகங்கள், பாட்டுக் குழுக்கள், சுதந்திரச் சிந்தனைச் சபைகள் எல்லாம் அந்த ஊரின் பின்னணி. தென்பகுதியில் போலந்துக்காரர்கள்: பக்தியுள்ள கத்தோலிக்கர்கள், பெரும்பாலும் கடின உடலுழைப்பாளிகள்.

1886 மே மாதம், எட்டு மணி நேர வேலை கேட்டு நகரமே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. மே 5 அன்று பே வியூ இரும்பு உருட்டாலையை நோக்கி ஊர்வலம் போனது. வந்தவர்களில் பெரும்பாலோர் போலந்துத் தொழிலாளர்கள். ஆளுநர் ஜெரமையா ரஸ்க் அனுப்பிய மாநிலப் படை, ஊர்வலம் நெருங்குவதற்கு முன்பே சுட்டது. குறைந்தது ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவன் 13 வயதுப் பையன்.

அந்தக் கோபம் அதே ஆண்டு நவம்பரில் வாக்காக விழுந்தது. தொழிலாளர்கள் அவசரமாகச் சேர்த்த மக்கள் கட்சி, மில்வாக்கி மாவட்டப் பதவிகளை அள்ளியது. நாடாளுமன்றத்துக்கும் ஓர் உறுப்பினரை அனுப்பியது. ஆனால் 1888 நகரத் தேர்தலில் குடியரசுக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் ஒரே வேட்பாளரை நிறுத்தின. மக்கள் கட்சி ஆயிரத்துக்கும் குறைவான வாக்கில் தோற்றது. அவ்வளவுதான், சீக்கிரமே அது கலைந்துபோனது. கிளை கிடையாது, சந்தா கிடையாது, தோல்விக்கு மறுநாள் காலையில் என்ன செய்வது என்று சொல்ல ஆளும் கிடையாது. துக்கத்தில் எழுந்த அலை அப்படியே வடிந்தது.

இந்த 1888 தோல்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 24 வருடம் கழித்து அதே எதிரணி அதே வழியில் மறுபடி வரும். அப்போது முடிவு வேறு மாதிரி இருக்கும்.

பெர்கர் கட்டியது

விக்டர் பெர்கர் 1860இல் ஆஸ்திரியப் பேரரசில் பிறந்தவர். 1878இல் அமெரிக்கா வந்தார். மில்வாக்கி பொதுப் பள்ளிகளில் ஜெர்மன் மொழி கற்பித்தார். பிறகு வேலையை விட்டுவிட்டு, 1890களில் ஒரு ஜெர்மன் நாளேட்டை வாங்கி நடத்தத் தொடங்கினார். புல்மன் ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகச் சிறை சென்ற தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸை 1895இல் போய்ப் பார்த்து, மார்க்ஸின் 'மூலதனம்' நூலைக் கையில் கொடுத்து வந்தவர் இவர்தான். டெப்ஸ் பிற்காலத்தில் அதை நன்றியோடு எழுதியிருக்கிறார்.

பெர்கருக்கு டெப்ஸைப் போல மேடையை அதிரவைக்கும் பேச்சு வராது. முன்கோபி, தன்னம்பிக்கை மிகுந்தவர், எதிர்த்துப் பேசுபவர்களைப் பொறுக்கமாட்டார். ஆனால் ஒரு கட்சியை எப்படிக் கட்டுவது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1897இல் மில்வாக்கியில் சமூக ஜனநாயகக் கிளை பிறந்தது. 1898 நகரத் தேர்தலில் முதன்முறையாக நின்றபோது கிடைத்த வாக்குகள் இரண்டாயிரத்துச் சொச்சம். 1901இல் அமெரிக்க சோஷலிஸ்ட் கட்சி அமைந்தபோது மில்வாக்கி அதன் மிக உறுதியான கிளைகளில் ஒன்றாகச் சேர்ந்தது. 1904இல் ஒன்பது பேர் நகர்மன்றத்துக்குள் நுழைந்தார்கள். தேர்தலுக்குத் தேர்தல் படிப்படியாக வளர்ந்த வளர்ச்சி அது.

இந்த வளர்ச்சியின் அடித்தளம் தொழிற்சங்கம். 1899 முடியும்போது நகரத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் பொறுப்புகளுக்கு சோஷலிஸ்டுகளே தேர்வாகியிருந்தார்கள். மாநிலக் கூட்டமைப்பைக் கட்டிய ஃபிராங்க் வெபரும் கட்சிக்காரர். அந்தக் காலத்தில் மேற்கு மாநிலங்களில் பல சோஷலிஸ்டுகள், பழைய தொழிற்சங்கங்களை உதறிவிட்டுப் புரட்சிகரமான புதிய சங்கங்களை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். பெர்கர் அதை ஒப்பவில்லை. இருக்கிற சங்கத்துக்குள்ளேயே இருந்து, அதன் தலைமையோடு ஆண்டுதோறும் மாநாட்டில் மோதினார். வெளியே மட்டும் வரவில்லை. மில்வாக்கியில் இதை 'இரண்டு கை' என்று விளக்கினார்கள்: தொழிலாளி வர்க்கத்தின் ஒரு கை சங்கம், மற்றது கட்சி. ஒரு கையின் வேலையில் மற்றது தலையிடாது, ஆனால் உடம்பு ஒன்று. கூலிப் பேச்சுவார்த்தையைச் சங்கம் நடத்தும், தேர்தலைக் கட்சி நடத்தும். இரண்டிலும் அநேகமாக ஒரே முகங்கள்.

கட்சிக்குள் கட்டுப்பாடு கடுமை. மாதச் சந்தா கட்டுபவர்தான் உறுப்பினர். வேறு கட்சி வேட்பாளரை ஆதரித்தால் வெளியேற்றம். நகர்மன்றக் கூட்டத்துக்கு முன் கட்சி உறுப்பினர்கள் தனியே கூடி முடிவெடுப்பார்கள். எடுத்த முடிவுக்கு மன்றத்தில் எல்லாரும் கட்டுப்பட வேண்டும். கட்டுப் படையை ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர் எட்மண்ட் மெல்ம்ஸ். கோடையில் கட்சிச் சுற்றுலா, குளிர்காலத்தில் திருவிழா என்று குடும்பம் குடும்பமாக வருவார்கள்; அங்கே சேரும் பணத்தில் அச்சுச் செலவு ஓடும். கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் இளைஞராக இருந்தபோது இந்தக் கட்சிக்கு முழுநேர அமைப்பாளராக விஸ்கான்சின் முழுக்க அலைந்தார். அவர் மணந்துகொண்ட லிலியன் ஸ்டைக்கனை முதலில் சந்தித்ததும் மில்வாக்கி கட்சி அலுவலகத்தில்தான்.

போலந்துப் பகுதிதான் எளிதில் பிடிபடவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை சோஷலிசத்தை வெளிப்படையாகக் கண்டித்தது. பேராயர் செபாஸ்டியன் மெஸ்மர் அதில் முன்னணியில் நின்றார். பிரசங்க மேடையிலிருந்து வரும் கண்டனத்துக்கு ஜெர்மன் மொழித் துண்டறிக்கையால் பதில் சொல்ல முடியாது. கட்சி போலிஷ் மொழியில் பத்திரிகை தொடங்கியது. லியோ க்ரிசிக்கி போன்ற போலந்துத் தொழிலாளிகளைத் தலைமைக்குக் கொண்டுவந்தது. மதத்தோடு நேருக்கு நேர் மோதாமல், கூலி, வாடகை, தெருவிளக்கு, கழிவுநீர் என்று பேசியது. அந்தப் பகுதியில் வாக்கு மெல்ல ஏறியது. வீட்டுக்கு வீடு அந்தந்த மொழியில் தாள் போட்டதன் அர்த்தம் இங்கேதான் விளங்குகிறது. 'தோழரே' என்று யாருக்கும் புரியாத மொழியில் கூப்பிட்டு என்ன பயன்?

ஊழலும் கட்சிக்குக் கைகொடுத்தது என்பதை மறைக்கக் கூடாது. ஜனநாயகக் கட்சி மேயர் டேவிட் ரோஸ், டிராம் கம்பெனியை அடக்குவேன் என்று சொல்லி ஜெயித்தவர். ஜெயித்த பிறகு அதே கம்பெனிக்கு நீண்டகால உரிமத்தைக் கொடுத்தார். அவர் காலத்தில் நகர்மன்ற உறுப்பினர்களும் அதிகாரிகளும் வரிசையாக லஞ்ச வழக்குகளில் மாட்டினார்கள். சோஷலிசத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத கடைக்காரர்கூட, இவர்களாவது திருடமாட்டார்கள் என்று வாக்களித்தார். இந்த வாக்கு பின்னாளில் கட்சிக்குப் பெரிய பலமானது. பெரிய பொறியும் ஆனது. அதைப் பிறகு பார்ப்போம்.

1910, பிறகு 1912

1910 ஏப்ரலில் எமில் சைடல் சுமார் 27,600 வாக்குகளில் மேயரானார். ஜனநாயகக் கட்சிக்கு சுமார் 20,500, குடியரசுக் கட்சிக்கு சுமார் 11,300. நகர்மன்றத்தின் 35 இடங்களில் 21 சோஷலிஸ்டுகளுக்கு. அமெரிக்காவின் ஒரு பெருநகரத்தில் முதல் சோஷலிஸ்ட் மேயர். அதே நவம்பரில் பெர்கர் நாடாளுமன்றக் கீழவைக்குத் தேர்வானார். அங்கே நுழைந்த முதல் சோஷலிஸ்ட் அவர்தான். 1911இல் முதியோர் ஓய்வூதிய மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த அவை கண்ட தொடக்ககால முதியோர் ஓய்வூதிய மசோதாக்களில் ஒன்று அது. 60 வயது தாண்டிய ஏழைகளுக்கு வாரம் 4 டாலர் கேட்டது. நிறைவேறவில்லை. அமெரிக்காவுக்கு அந்தச் சட்டம் வர 1935 வரை ஆனது.

சைடல் மர அச்சுத் தச்சர். வார்ப்பட்டறைக்கு வேண்டிய மாதிரி வடிவங்களை மரத்தில் செதுக்குகிற வேலை. தொழிலை மெருகேற்றிக்கொள்ள பெர்லின் போய் ஆறு ஆண்டுகள் இருந்தவர், சோஷலிஸ்டாகத் திரும்பினார். மேயரானதும் சாண்ட்பர்க்கைச் செயலாளராக வைத்துக்கொண்டார். விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஜான் காமன்ஸை அழைத்து, நகர நிர்வாகத்தின் வரவு செலவையும் வேலைமுறையையும் ஆராய ஒரு பிரிவை அமைத்தார். சிதறிக் கிடந்த துறைகள் பொதுப்பணித் துறையாக ஒன்று சேர்ந்தன. நகரப் பணியாளர்களுக்கு எட்டு மணி நேர வேலை வந்தது. 1886இல் எதற்காகச் சுட்டார்களோ, அதுவே 24 ஆண்டுகள் கழித்து மாநகராட்சியின் விதியானது. இந்த ஒரு வரியை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

1912இல் எதிரணி 1888 வழியைத் தூசி தட்டி எடுத்தது. இரண்டு பெரிய கட்சிகளும் கெர்ஹார்ட் பேடிங் என்ற மருத்துவரைப் பொது வேட்பாளராக நிறுத்தின. சைடலுக்கு இம்முறை சுமார் 30,200 வாக்குகள், அதாவது ஜெயித்த தேர்தலைவிட அதிகம். பேடிங்குக்கு சுமார் 43,100. சைடல் தோற்றார். இது போதாதென்று, நகரத் தேர்தல் வாக்குச்சீட்டிலிருந்து கட்சிப் பெயர்களையே எடுக்கும் சட்டத்தை மாநில மன்றம் நிறைவேற்றியது. சின்னமும் கட்சிப் பெயரும் இல்லாத சீட்டில், யார் தங்கள் ஆள் என்று தொழிலாளி எப்படிக் கண்டுபிடிப்பார்? அதுதான் சட்டத்தின் நோக்கமும்.

மக்கள் கட்சியைப் போல இந்தக் கட்சி கலையவில்லை. சைடல் அதே ஆண்டு, குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்ற டெப்ஸோடு துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நாடு முழுக்கப் போனார். அந்த இணைக்கு 9 லட்சத்துக்கும் மேல், சுமார் 6 சதவீத வாக்கு கிடைத்தது. மில்வாக்கியில் கிளைகள் வழக்கம்போலக் கூடின. 1911 டிசம்பரில் தொடங்கிய ஆங்கில நாளேடு 'மில்வாக்கி லீடர்' ஒவ்வொரு நாளும் வந்தது. வாக்குச்சீட்டில் இல்லாத கட்சிப் பெயரைக் கட்டுப் படை வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1910இல் நகர வழக்கறிஞராகத் தேர்வாகியிருந்த டேனியல் ஹோன், தோல்வி அலையிலும் பதவியில் நீடித்து, டிராம் கம்பெனியோடு நீதிமன்றத்தில் போராடிப் பெயர் வாங்கினார். 1916இல் பேடிங்கைத் தோற்கடித்து மேயரானார். தோல்விக்கு மறுநாள் காலையில் என்ன செய்வது என்று இவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தபால் நிறுத்தப்பட்ட பத்திரிகை

1917 ஏப்ரலில் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியது. செயின்ட் லூயிஸில் கூடிய சோஷலிஸ்ட் கட்சி போரை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஜெர்மானியர் நிறைந்த ஒரு நகரத்தில், ஜெர்மனியோடு நடக்கும் போரை எதிர்ப்பது என்றால் என்ன விலை என்பது பெர்கருக்குத் தெரியாததல்ல. மில்வாக்கியிலேயே சில முக்கியமானவர்கள் போர் ஆதரவாளர்களாகி வெளியேறினார்கள். லீடரில் எழுதிக்கொண்டிருந்த ஆல்ஜி சைமன்ஸ் அவர்களில் ஒருவர்.

அரசு முதலில் பத்திரிகையின் கழுத்தைப் பிடித்தது. 1917 அக்டோபரில் லீடரின் சலுகைத் தபால் கட்டண உரிமையை ரத்து செய்தது. வெளியூர்ச் சந்தாதாரர்களை இழந்தது பத்திரிகை. விளம்பரதாரர்கள் மிரட்டப்பட்டார்கள். 1918 ஆகஸ்ட் முதல், லீடருக்கு வரும் கடிதங்களைக்கூடத் தபால் துறை கொடுக்க மறுத்தது. சந்தா அனுப்பிய கடிதமும், கணக்கு கேட்ட கடிதமும், எல்லாமே அனுப்பியவருக்கே திரும்பிப் போயின. நாளேட்டின் முகவரிக்குக் கடிதம் வராது என்றால் அதன் அலுவலகம் எப்படி இயங்கும்? இருந்தும் இயங்கியது. நகருக்குள் தாளைக் கொண்டுசேர்க்கத் தபால்காரர் தேவைப்படவில்லை. வீடு வீடாகப் போகிற கால்கள் இவர்களிடம் ஏற்கெனவே இருந்தன. சலுகை ரத்து சரியே என்று 1921இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிபதிகள் பிராண்டைஸ், ஹோம்ஸ் இருவரும் மட்டும் மாறுபட்டார்கள்.

போரை எதிர்த்து எழுதியதற்காகப் பெர்கர் மீது உளவுச் சட்ட வழக்கு. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே 1918 ஏப்ரலில் மேலவைக்கு நின்று, ஒரு லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கினார். தோல்விதான், ஆனால் போர் வெறி உச்சத்தில் இருந்த மாநிலத்தில் நால்வரில் ஒருவர் அவருக்குக் குத்தியிருக்கிறார். நவம்பரில் கீழவைக்கு ஜெயித்தார். 1919 பிப்ரவரியில் நீதிபதி கெனசா லாண்டிஸ் அவருக்கு 20 ஆண்டு சிறை விதித்தார். மேல்முறையீட்டுக்காகப் பிணையில் இருந்த அவரை, அவை உள்ளே விட மறுத்தது. அவருக்காக வாக்களித்தவர் ஒரே ஒருவர்: விஸ்கான்சின் குடியரசுக் கட்சிக்காரர் எட்வர்ட் வாய்க்ட். 1919 டிசம்பரில் இடைத்தேர்தல் வைத்தார்கள். இரண்டு கட்சிகளும் மறுபடி ஒரே வேட்பாளரை நிறுத்தின. 1918 நவம்பரில் 18,000க்குக் கொஞ்சம் குறைவாக வாங்கிய பெர்கர், இப்போது 24,000க்கு மேல் வாங்கி ஜெயித்தார். அவை மறுபடி மறுத்தது. அந்தத் தொகுதி பதவிக்காலம் முடியும்வரை உறுப்பினர் இல்லாமலே கிடந்தது.

1921இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ஜெர்மன் வம்சாவளியினர் பற்றி லாண்டிஸுக்கு முன்முடிவு இருந்தது, அவர் வழக்கை விசாரித்திருக்கவே கூடாது என்பது காரணம். பெர்கர் 1922, 1924, 1926 என்று மூன்று முறை தொடர்ந்து ஜெயித்தார். 1928இல் தோற்றார். 1929 கோடையில் டிராம் மோதி, ஆகஸ்ட்டில் இறந்தார்.

நாட்டின் பல இடங்களில் போர்க்கால அடக்குமுறையும் 1919இன் கம்யூனிஸ்ட் பிளவும் சோஷலிஸ்ட் கட்சியை நொறுக்கின. மில்வாக்கி தப்பித்ததற்கு ஜெர்மானிய உணர்வு ஒரு காரணம் என்று சொல்வதுண்டு. உண்மைதான். ஆனால் உணர்வு மட்டும் தாளைக் கொண்டுபோய் வாசலில் போடாது.

ஹோன்: ஆட்சி வளர, கட்சி தேய

ஹோன் 24 ஆண்டுகள் மேயராக இருந்தார். அந்த ஆண்டுகளில் பெரும்பாலும் நகர்மன்றம் அவர் கையில் இல்லை. சைடலுக்கு 1910இல் கிடைத்த பெரும்பான்மை அவருக்கு வாய்க்கவேயில்லை. ஆகவே ஒவ்வொரு திட்டத்துக்கும் எதிரணியில் ஆள் தேட வேண்டும், பேச வேண்டும், விட்டுக்கொடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் அவர் சாதனையையும் அளக்க முடியாது, அவர் எல்லையையும் அளக்க முடியாது.

அவர் காலத்தில் ஏரிக்கரை பொதுமக்களுக்கான பூங்காவானது. ஜோன்ஸ் தீவில் 1925இல் பெரிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. மறு ஆண்டிலிருந்து அங்கே மிஞ்சும் கசடை உலர்த்தி 'மில்ஆர்கனைட்' என்ற பெயரில் உரமாக விற்றார்கள். இன்றைக்கும் விற்பனையாகிறது. குழந்தைகள் நலனிலும் தொற்றுநோய்த் தடுப்பிலும் நகரம் முன்னேறி, பெருநகரங்களுக்கான சுகாதாரப் போட்டியில் திரும்பத் திரும்பப் பரிசு வாங்கியது. பள்ளிக்கூடங்கள் மாலையில் பூட்டப்படாமல் விளக்கேற்றி, பெரியவர்களுக்கு வகுப்பும் விளையாட்டும் நடந்தன. பள்ளிக் குழுவில் 1909 முதல் 30 ஆண்டுகள் இருந்த மேட்டா பெர்கர், விக்டர் பெர்கரின் மனைவி, கல்வித் துறையில் கட்சியின் முகமாக இருந்தார். புது நகரக் கடன் வாங்காமல், இருக்கிற கடனை அடைத்துக்கொண்டே போவது ஹோனின் பிடிவாதம்.

'கார்டன் ஹோம்ஸ்' தனியாகப் பார்க்க வேண்டியது. 1921இல் தொடங்கி, தொழிலாளர் குடும்பங்களுக்காக 105 வீடுகள். நகராட்சியின் ஆதரவோடு கட்டப்பட்ட கூட்டுறவுக் குடியிருப்பில் நாட்டுக்கே முன்னோடி. வீடு கூட்டுறவுக்குச் சொந்தம், குடியிருப்பவர் பங்குதாரர். நிலத்தைச் சூதாட்டப் பொருளாக்கக் கூடாது என்பது கொள்கை. கட்டி முடித்து இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் குடியிருந்தவர்களே வீட்டைத் தங்கள் பெயருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். 1925இல் சட்டம் திருத்தப்பட்டு, கூட்டுறவு கலைந்தது. கூட்டுறவு என்றால் என்ன என்று அந்தத் தெருக்களில் யார், எத்தனை ஞாயிற்றுக்கிழமை, உட்கார்ந்து பேசினார்கள் என்பது என் கேள்வி. வீட்டைக் கட்ட நகராட்சியால் முடியும். அந்த வீட்டுக்குள் கூட்டுறவு எண்ணத்தை வளர்ப்பது கட்சியின் வேலை.

1932இல் கட்சியின் தேசிய மாநாடு மில்வாக்கியிலேயே நடந்தது. தலைவர் பதவிக்கு ஹோனை நிறுத்தினார்கள். நியூயார்க்கின் மோரிஸ் ஹில்க்விட், சுத்தமான சாக்கடை கட்டுவதே சோஷலிசம் என்று நினைக்கும் கூட்டம் என மில்வாக்கிக்காரர்களைக் குத்தினார். 'சாக்கடை சோஷலிசம்' என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது. சைடல் தன் நினைவுக் குறிப்பில் இதற்குப் பதில் எழுதியிருக்கிறார்: ஆமாம், தொழிலாளி வீட்டுக்குக் கழிவுநீர்க் குழாய் வேண்டும் என்றோம், ஆனால் அதைவிட எவ்வளவோ வேண்டும் என்றோம், நல்ல காற்று, வெயில், வாழத் தகுந்த கூலி, விளையாட நேரம், ஒவ்வொரு மனிதனும் நலமாக வாழ ஒரு வாய்ப்பு. ஹில்க்விட்டின் கேலி எனக்குக் கொஞ்சமும் ஏற்பில்லை. டைபாய்டில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குக் கழிவுநீர்க் குழாய் சின்ன விஷயமல்ல.

மில்வாக்கியின் கோளாறு வேறிடத்தில் இருந்தது. கட்சிப் பெயரில்லாத வாக்குச்சீட்டில் ஆண்டுக்கணக்காக ஹோன் என்ற பெயருக்கே வாக்கு விழுந்தது. 'இவர்களாவது திருடமாட்டார்கள்' என்ற பழைய வாக்கு, 'ஹோன் திருடமாட்டார்' என்று மாறியது. அவரை மேயராக்கியவர்களில் எத்தனையோ பேர் அதே நாளில் நகர்மன்றத்துக்கு எதிரணியைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் தலைமுறை ஜெர்மன் தொழிலாளிகள் முதுமையடைந்தார்கள். பேரப்பிள்ளைகளுக்கு ஜெர்மன் பத்திரிகை படிக்கத் தெரியாது. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் நலத்திட்டங்கள் வந்ததும் தொழிற்சங்கங்கள் அவர் பக்கம் சாய்ந்தன. 1930களின் நடுவில் தொழிற்சங்க இயக்கமே இரண்டாகப் பிளந்து, 'இரண்டு கை'யில் ஒரு கை முறிந்தது. 1935இல் விஸ்கான்சினில் முற்போக்குக் கட்சி, விவசாயிகள், சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பில் இணைந்தபோது, சோஷலிஸ்டுகள் மாநிலத் தேர்தலில் தங்கள் பெயரிலேயே நிற்பதைக் கைவிட்டார்கள். கூட்டணி நியாயமானதே, அன்றைய வலதுசாரிகளை எதிர்க்க அது தேவைப்பட்டது. ஆனால் தன் பெயரில் தாள் அச்சிடாத கட்சிக்காக ஞாயிறு விடியலில் யார் எழுவார்?

1940இல் 32 வயது கார்ல் ஸைட்லர் ஹோனைச் சுமார் 12,000 வாக்கில் தோற்கடித்தார். ஹோன் 1941இல் கட்சியை விட்டு விலகி, 1944இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக ஆளுநர் பதவிக்கு நின்றார்.

வாசல் திறக்காத வீடுகள்

இந்தக் கட்சியின் மீது எனக்கு மதிப்பு உண்டு. அதனாலேயே இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பெர்கர் 1902இல் தன் பத்திரிகையில் கறுப்பின மக்களைத் தாழ்ந்த இனம் என்று எழுதினார். ஆசியத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரக் கூடாது என்று கட்சி மாநாடுகளில் வாதாடினார். உலகத் தொழிலாளர்களே ஒன்றுசேருங்கள் என்று சொல்லும் கட்சியின் மேடையில் இதைச் சொன்னார். அந்தக் காலத்து வழக்கம் என்று சமாதானம் சொல்ல முடியாது. அதே கட்சியில் டெப்ஸ் அதை எதிர்த்துப் பேசியிருக்கிறார். 1910இல் மில்வாக்கியில் கறுப்பினத்தவர் ஆயிரம் பேர்கூட இல்லை. ஆகவே இந்தக் குறை அன்றைய வாக்குக் கணக்கில் தெரியவில்லை. வீட்டுக்கு வீடு மொழி பார்த்துத் தாள் போட்ட கட்சி, எந்த வீடுகளைத் தன் வீடுகளாக நினைக்கவேயில்லை என்பது பின்னால் தெரிந்தது.

ஃபிராங்க் ஸைட்லர் காலத்தில் அந்தக் கணக்கு வாசலுக்கு வந்தது. இவர் ஹோனைத் தோற்கடித்த கார்லின் தம்பி. தொழிலால் நில அளவையாளர். அண்ணன் பழமைவாத அரசியலில் இருக்க, தம்பி சோஷலிஸ்ட். 1948இல் சோஷலிஸ்டுகளும் தாராளவாதிகளும் சங்கத்தாரும் சேர்ந்த ஒரு குழுவின் ஆதரவில் மேயரானார். புறநகரை இணைத்து நகரின் பரப்பளவைச் சுமார் இரு மடங்காக்கினார். பொது வீட்டுவசதியும் நூலகமும் விரிந்தன. 1950இல் சுமார் 22,000 ஆக இருந்த கறுப்பின மக்கள்தொகை 1960இல் 62,000ஐத் தாண்டியது. ஸைட்லர் அவர்களுடைய வீட்டுவசதிக்காகவும் சம உரிமைக்காகவும் வெளிப்படையாக நின்றார். 1956 தேர்தலில், தெற்கு மாநிலங்களில் விளம்பரப் பலகை வைத்துக் கறுப்பின மக்களை மில்வாக்கிக்கு அழைக்கிறார் என்று ஒரு வதந்தி ஊரெல்லாம் பரவியது. பச்சைப் பொய். அந்தப் பொய்யை வீட்டுக்கு வீடு போய் மறுக்க 1910இல் இருந்த படை 1956இல் இல்லை. வெள்ளைத் தொழிலாளி வீட்டு வாசலில், உன் பக்கத்து வீட்டுக்கு வருகிறவரும் உன்னைப் போன்ற தொழிலாளிதான் என்று சொல்ல அரை நூற்றாண்டாகக் கட்சி பழகியிருக்கவும் இல்லை. ஸைட்லர் ஜெயித்தார், ஆனால் காயப்பட்டார். 1960இல் மீண்டும் போட்டியிடவில்லை.

அவர் கட்சியை விடவில்லை. 1973இல் எஞ்சியவர்கள் அமெரிக்க சோஷலிஸ்ட் கட்சியை மறுபடி அமைத்தபோது மில்வாக்கியில் அதற்குத் தலைமையேற்றார். 1976இல் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்றார். நாடு முழுக்கக் கிடைத்த வாக்குகள் சுமார் 6,000. அவர் சார்ந்த இயக்கம் 1898இல், மில்வாக்கி என்ற ஒரே ஊரில், கையெழுத்துப் பழகும் பருவத்திலேயே அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருந்தது. ஸைட்லர் 2006 ஜூலையில் மில்வாக்கியில் காலமானார்.